டிரசர் ஐயாவின் விரல்கள்

லாபிஸ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் எங்களுக்கு வைத்தியம் பார்த்த டிரசர் ஒல்லியான ஆள். தொப்பி மட்டும் பெரியது. வணக்கம் சொன்னால்கூடக் கையைப் பிடித்து நாடி பார்த்துவிடுவார். சிகாமட் ஊரில் நடக்கும் ஓட்டப்பந்தயத்துக்கு முதல்நாள் காலை என் கை அவரிடம் சிக்கியது.

"நிமிஷத்துக்கு நாப்பத்தஞ்சுதானா? இருதயத்துல சீக்கு இருக்கும்டா. நாளைக்கு ஓடாதே."

மூன்று வருடமாக ஜெயிப்பவன் நான். "தினம் ஓடுறவனுக்கு அப்படித்தான் இருக்கும், ஐயா," என்று கெஞ்சினேன்.

"அப்போ அந்த மேட்டுக்கு ஓடிக் காட்டு. சீக்காளின்னா மூச்சு வாங்கும், நாடியும் லேசுல அடங்காது."

ஓடினேன். தொப்பியைப் பிடித்துக்கொண்டு அவரும் பின்னாலேயே ஓடிவந்தார். மேட்டில் நின்றதும் என் நாடி சீக்கிரமே பழைய நிதானத்துக்கு இறங்கியது.

"நல்ல... இருதயம். ஓடி ஓடி... பழகினது," என்றார், மூச்சு இரைக்க இரைக்க.

"நீங்க ஏன் ஐயா ஓடியாந்தீங்க?"

"நீ விழுந்தா... தூக்க ஆள் வேணாமா?"

சொல்லிவிட்டுப் புல்லில் உட்கார்ந்தவரால் எழ முடியவில்லை. ஆஸ்பத்திரிவரை நான்தான் முதுகில் சுமந்து வந்தேன். வழிநெடுக அவர் விரல்கள் என் கழுத்து நாடியிலேயே இருந்தன.