கழுத்து வைக்காத பனியன்கள்

பனியன் கம்பெனியை விட்டு நான் ஒன்றும் மரியாதையாக வெளியே வரவில்லை. மகளுக்குக் காய்ச்சல் என்று லீவு கேட்டேன். அது பொய் என்று சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் சொன்னார். "இனிமே இந்தக் கேட்டை மிதிச்சா என்னைச் செருப்பால அடிங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வாய்க்கொழுப்புதான். ஆனால் சொன்னபோது நெஞ்சு குளிர்ந்தது உண்மை.

அந்த நேரத்தில்தான் வேலம்பாளையத்தில் எங்கள் காலனிக்குப் பின்னால், ஒரு தகரக் கொட்டகையில் பெண்களுக்கான தையல் கூட்டுறவு தொடங்கினார்கள். மிஷின்களையும் பயிற்சியையும் ஓர் அறக்கட்டளை கொடுத்தது. முதல் ஆர்டரைச் சொன்ன தேதியில் முடித்துக் கொடுத்தால் மிஷின்கள் எங்களுக்கே சொந்தம். இல்லாவிட்டால் வேறு ஊர்க் குழுவுக்குப் போய்விடும். எனக்கு இதைவிட்டால் அந்தக் கேட்டுதான் கதி. சேர்ந்த ஏழு பேருமே கம்பெனி டெய்லர்கள் என்பதால், நமக்கெதற்குப் பயிற்சி என்று சிரித்துக்கொண்டோம்.

சொல்லிக்கொடுக்க வந்தவள் எங்களைவிடச் சின்னவள், உள்ளூர்ப் பெண். முதல் நாளே கேட்டாள்.

"ஏனுங்க்கா, உங்கள்ல முழு பனியன் தைக்கத் தெரிஞ்சவங்க யாருங்க?"

ஒருத்திக்கும் தெரியாது. கம்பெனியில் ஒருத்தி தோளை மூட்டுவாள், அடுத்தவள் கை வைப்பாள், இன்னொருத்தி அடி மடிப்பாள். நான் வருஷக்கணக்காகப் பக்கவாட்டை மூட்டும் சைடு மட்டுமே அடித்தவள். என் கையில் பட்டுப் போன பனியன்களை ஒட்டுப்போட்டால் அவிநாசித் தேருக்கே சட்டை மாட்டலாம். அதில் ஒன்றைக்கூட நான் தைத்தேன் என்று சொல்ல முடியாது.

ஆளுக்கொரு முழு பனியன் தைத்துக் காட்ட வைத்தாள். நான் என் மகள் அளவுக்குத் தைத்தேன். ஒரு நாள் முழுக்கப் பிடித்தது. கழுத்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நின்றது. மகள் அதையே துவைத்துத் துவைத்துப் போட்டாள். அவள் தெருவில் நடக்கும்போது பின்னாலிருந்து பார்ப்பேன், அவ்வளவு சந்தோஷம்.

முதல் ஆர்டர் ஒரு பள்ளிக்கூடத்து விளையாட்டு விழாவுக்கான பனியன். துணி வந்து இறங்கியதும் பயம் பிடித்துக்கொண்டது. ஆளுக்கொன்றாக முழுசாகத் தைத்தால் எப்போது முடிப்பது? யாரும் யாரிடமும் சொல்லவில்லை. தோள் தைத்தவள் கை வைப்பவளிடம் நீட்டினாள், அவள் என்னிடம் தள்ளினாள். மத்தியானத்துக்குள் மிஷின்களையே வரிசையாக நகர்த்திப் போட்டுவிட்டோம். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பது சும்மாவா. கை தானாக ஓடியது. அதட்ட ஆளில்லாத கம்பெனி, நாங்களே பாடிக்கொண்டு தைத்தோம்.

பயிற்சிக்காரப் பெண் வாசலில் வந்து நின்றாள்.

"என்னுங்க்கா, கம்பெனியாட்ட லைன் போட்டுட்டீங்க? நாளைக்கு ஒருத்தரு வரலீன்னா என்னங்க பண்ணுவீங்க?"

"வராம எங்கம்மா போயிரப் போறோம்" என்றேன். எல்லாரும் சிரித்தோம். அவளும் சிரித்துவிட்டுப் போனாள்.

கழுத்து வைப்பவள் என் ஊர்ப்பக்கத்துக்காரி. கழுத்துக்கு வைக்கும், இழுத்தால் நீளும் ரிப் துணிப் பட்டி, கழுத்து வட்டத்தைவிடச் சின்னதாக இருக்கும். ஒரே சீராக இழுத்துப் பிடித்து ஓட்ட வேண்டும். அது அவளுக்குத்தான் வரும். பாதிக் குவியலுக்குக் கழுத்து வைத்திருந்தபோது ஊரிலிருந்து போன் வந்தது. அவள் மகளுக்குத் தேதிக்கு முன்பே வலி கண்டுவிட்டது. போகாதே என்று யார் சொல்ல முடியும்? பஸ் ஏற்றிவிட்டு வந்தோம்.

ஆர்டரில் பயிற்சிக்காரப் பெண் கை வைக்கக் கூடாது என்பது அறக்கட்டளையின் நிபந்தனை. அப்புறம் நாங்களே கழுத்தில் கை வைத்தோம். பட்டி பொரித்த அப்பளம் மாதிரி நெளிந்து நின்றது. பிரித்தால் துணி இழுபட்டு வட்டம் பெரிதானது. பிரிக்கப் பிரிக்கக் கெட்டது. மீதியை வெளியே கொடுக்கலாமென்று தையல் யூனிட் யூனிட்டாக அலைந்தேன். சீசன் நேரம், அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார்கள். அடுத்த வாரம் விளையாட்டு விழா முடிந்திருந்தது. பள்ளிக்கூடத்தில் கடையில் வாங்கிச் சமாளித்துவிட்டார்களாம். பாதி பனியனை வாங்கி என்ன செய்வது என்று அவர்கள் கேட்டதில் தப்பில்லை.

சொன்னபடியே அறக்கட்டளைக்காரர்கள் மிஷின்களை டெம்போவில் ஏற்றினார்கள். பயிற்சிக்காரப் பெண் ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. திட்டியிருந்தால் ஆறியிருக்கும்.

அன்று சாயங்காலம் கழுத்துக்காரி போன் செய்தாள்.

"பேரன் பொறந்திருக்கான் புள்ள. கழுத்தெல்லாம் வச்சாச்சா?"

"வச்சாச்சு, வச்சாச்சு. நீ பிள்ளையப் பாரு" என்று சொல்லி வைத்துவிட்டேன். பிறகு அழுதேன்.

எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு போவது என்று யோசித்து யோசித்து, கடைசியில் அதே கேட்டுக்குத்தான் போனேன். செருப்பால் அடிக்க அங்கே யாருக்கும் ஞாபகமில்லை. பழைய சூப்பர்வைசர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டாராம். புதியவர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"தையல்ல என்ன ஆபரேஷன் தெரியுமுங்க?"

முழு பனியனும் தைப்பேன் என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. அங்கே அது யாருக்கு வேண்டும்?

"சைடுங்க" என்றேன்.