தாரகன் அசைக்காத கையுறை

முகமூடி போட்டு, முழங்காலை மடக்கிக் குந்தியிருந்தே ஒருவர் ஏன் பிழைப்பு நடத்த விரும்ப வேண்டும்? டென்மார்க்கின் இக்காஸ்ட் நகரில் பிறந்து வளர்ந்த தாரகனைப் பற்றி யோசித்தால் முதலில் எழும் கேள்வி இதுதான்.

பேஸ்போலில் துடுப்பாளருக்குப் பின்னால் குந்தியிருந்து பந்தைப் பிடிப்பவரைக் கேச்சர் என்பார்கள். அணியின் மற்றவர்கள் எல்லோரும் அவரைப் பார்த்து நிற்க, அவர் ஒருவரே மைதானம் முழுவதையும் பார்த்திருப்பார். தாரகனுக்கு அந்த இடம் தற்செயலாகக் கிடைத்தது. சிறுவர் கழகத்தில் வேறு யாருக்கும் அந்தக் கனத்த கவசத்தைப் போட விருப்பமில்லை. ஆனால் தற்செயலாகக் கிடைத்ததை முப்பது வயது தாண்டியும் ஏன் விடவில்லை என்பதற்கு அது பதில் ஆகாது.

அப்பா பாலேந்திரா துணித் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை செய்பவர், கிரிக்கெட் பைத்தியம். "மகன் ஜெர்மனியிலை விக்கெட் கீப்பர்," என்றே எல்லோரிடமும் சொல்லி வந்தார். உண்மையில் தாரகன் அங்கே ஒரு பேஸ்போல் அணியில் சம்பளத்துக்கு விளையாடினார். அவருடைய துடுப்பாட்டம் சுமார். ஓட்டம் அதைவிடச் சுமார். அணி அவரை வைத்திருந்தது ஒரே ஒரு திறமைக்காக. துடுப்பாளர் அடிக்காமல் விடும் பந்து, அவர் அடிக்கக்கூடியதென்று விதி குறித்த எல்லைக்குள் வந்ததா, வெளியே போனதா என்று கேச்சருக்குப் பின்னால் நிற்கும் நடுவர் சொல்வார். சற்றே வெளியே போகும் பந்தைப் பிடிக்கிற கணத்திலேயே கையுறையை மெல்ல உள்ளே நகர்த்தினால், அது உள்ளே வந்த பந்தாகவே தெரியும். விதி அதைத் தடுப்பதில்லை. தாரகன் அதில் வல்லவர். பாராட்டலாமா என்பது வேறு விடயம்.

சென்ற கோடையில் அந்த அணி ஒரு கிண்ணப் போட்டிக்காக டென்மார்க்கின் கோல்டிங் நகருக்கு வந்தது. கிண்ணத்தை வென்றால்தான் தாரகனின் ஒப்பந்தம் நீளும் என்று பயிற்சியாளர் சொல்லியிருந்தார். தேய்ந்த முழங்கால்களோடு வேறு அணி கிடைக்காது. வீட்டிலும் அது தெரியும். மகன் விளையாடுவதைப் பெற்றோர் முதல்முறை நேரில் பார்த்தது அந்தப் போட்டி நாளில்தான்.

காலையில் அரையிறுதியை வென்றார்கள். இறுதிப் போட்டிக்கு முன், கார் தரிப்பிடத்தில் அம்மா ஞானேஸ்வரி வீட்டில் பொரித்த பற்றிஸ் டப்பாவைத் திறந்தார்.

"தம்பி, அந்தக் கடைசிப் பந்து வெளியாலைதானே வந்தது?" என்றார் பாலேந்திரா.

எல்லோரும் செய்வதுதான் என்று தாரகன் டேனிஷில் சொன்னார்.

"ஓம், ஓம். கிரிக்கெட்டிலை எங்கட கீப்பர் தொண்டை கிழியக் கத்தி அவுட் கேப்பான். குடுக்கிறதும் விடுறதும் அம்பயரின்ரை பாடு. நீ கேக்காமலே எடுக்கிறாய். கெட்டிக்காரன்தான்!"

"ஒரு மட்ச் பாக்க வந்தவுடனை இவர் அம்பயராப் போனார்," என்றார் ஞானேஸ்வரி. "பேசாமல் சாப்பிடுங்கோப்பா. பிள்ளைக்கு இன்னும் விளையாட்டிருக்கு."

தாரகனும் சிரித்தார். இன்னொரு பற்றிஸ் எடுத்துக்கொண்டார்.

இறுதிப் போட்டியின் கடைசிச் சுற்று. இரு அணிகளும் சமநிலை. மூன்று தளங்களிலும் எதிரணியினர் நின்றார்கள். அடுத்த பந்து எல்லைக்குள் வந்தால் அவர்களுடைய முறை முடியும். தாரகனின் அணிக்கு இன்னொரு வாய்ப்புக் கிடைக்கும். வெளியே போனால் அது நான்காவது வெளிப்பந்து; துடுப்பாளருக்கு முதல் தளம் இலவசமாகக் கிடைக்கும், மற்றவர்கள் ஒவ்வொரு தளம் முன்னேற, மூன்றாம் தளத்தில் நிற்பவர் நடந்தே வந்து வெற்றி ஓட்டத்தை எடுப்பார்.

பந்து ஒரு விரல் அகலம் வெளியே வந்தது. காலையில் அதைவிட விலகிய பந்துகளை அவர் உள்ளே கொண்டுவந்திருந்தார். துடுப்பாளர் அசையவில்லை. தாரகன் பந்தைப் பிடித்தார். கையுறையை, பந்தைப் பிடித்த இடத்திலேயே, நடுவர் நன்றாகப் பார்க்கும்வரை வைத்திருந்தார்.

நடுவர் வெளியே என்றார்; கிண்ணம் போனது, ஒப்பந்தமும் அத்துடன் முடிந்தது. கை வழுக்கியதா என்று பயிற்சியாளர் கேட்டார். இல்லை என்றார் தாரகன்.

வீடு திரும்பும் வழியில் பாலேந்திரா, "நான் பகிடிக்கெல்லோ சொன்னனான். அதுக்காகவோடா?" என்றார்.

"இல்லையப்பா," என்றார் தாரகன், தமிழிலேயே. அதற்கு மேல் அன்றும் சொல்லவில்லை, இன்றுவரையும் சொல்லவில்லை.