காற்றே படாத கடற்பஞ்சு

எங்கள் வீட்டு ஹாலில் ஒரு துண்டுக் கடல் இருக்கிறது. ஓசூரில் கடலா என்று கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும். இங்கிருந்து எந்தக் கடலுக்குப் போவதென்றாலும் அரை நாள் பஸ்ஸில் உட்கார வேண்டும்.

அந்தக் கடல் எனக்குச் சும்மா கிடைத்தது. நான் வேலை செய்யும் மெஷின் ஷாப்பில் ஒரு என்ஜினியர் சார் இருந்தார். அவருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. மூன்றடி நீளக் கண்ணாடித் தொட்டியையும், அதிலிருந்த இரண்டு மீன்களையும், கல்லையும் பம்பையும் எப்படித் தூக்கிக்கொண்டு போவது? "கூலன்ட்டை ஒழுங்காப் பார்த்துக்கற ஆளு நீ. இதையும் பார்த்துக்குவே" என்று என்னிடம் கொடுத்துவிட்டார்.

கூலன்ட் என்பது இரும்பைக் கடையும்போது சூடேறாமல் இருக்க ஊற்றிக்கொண்டே இருக்கும் பால் நிறத் தண்ணீர். அது எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்று பார்க்க ஒரு சின்னக் கருவி உண்டு. அதன் கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டு, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, மறுமுனையில் கண்ணை வைத்துப் பார்க்க வேண்டும். கடல் தண்ணீரின் உப்பைப் பார்க்க சார் கொடுத்த கருவியும் அச்சு அசலாக அதே மாதிரி இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குத் தைரியம் வந்துவிட்டது. நான் பத்தாவது முடித்து ஐ.டி.ஐ. படித்தவன். கடலைப் பற்றி வேறொன்றும் தெரியாது.

மெஷினில் என் பக்கத்தில் நிற்கிறவர் சும்மா விடவில்லை. "என்னண்ணே, ஓசூர் குளுருக்கு மீனுக்கு ஸ்வெட்டர் எடுத்தாச்சா?" என்றார்.

"ஸ்வெட்டர் இல்லப்பா, ஹீட்டர் போட்டிருக்கேன்."

"எங்க வூட்லயே ஹீட்டர் இல்ல. உங்க வூட்டு மீனாப் பொறந்திருக்கலாம் போல."

என் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதுவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மீனுக்குத் தீனி வாங்க நாங்கள் இருவரும் அத்திப்பள்ளி தாண்டி, பெங்களூர்ப் பக்கம் ஒரு மீன் கடைக்குப் போனோம். அங்கேதான் அதைப் பார்த்தோம். ஆரஞ்சு நிறத்தில், விரல்களை விரித்த ஒரு சின்னக் கை மாதிரி, கல்லின் மேல் நின்றுகொண்டிருந்தது.

"செடியாப்பா?"

"செடி மாதிரிதான் தெரியுது."

கடைக்காரர் கன்னடக்காரர். தலையை ஆட்டி, "ஸ்பாஞ்ச். ப்ராணி" என்றார். பிராணியா? பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சுக்கு உயிர் உண்டா? மகள் கண்ணாடியை விட்டு நகரவில்லை. வாங்கிவிட்டோம்.

அவர் சட்டைக் கையைச் சுருட்டி, முழங்கை வரை தண்ணீருக்குள் விட்டு, தண்ணீருக்குள்ளேயே அதைப் பைக்குள் தள்ளி, தண்ணீருக்குள்ளேயே முடிச்சும் போட்டார். பாவம், நல்ல சட்டை நனைகிறதே என்று மட்டும்தான் எனக்குத் தோன்றியது. பையைக் கொடுக்கும்போது விரலை ஆட்டி, "காலி பேட, காலி பேட" என்று இரண்டு தடவை சொன்னார்.

எனக்குத் தெரிந்த கன்னடம் பஸ் ஏறுவதற்கும் காய்கறி வாங்குவதற்கும்தான் காணும். நான் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வேலைக்காக இங்கே வந்தவன். 'பேட' என்றால் 'வேண்டாம்' என்று தெரியும். 'காலி' நம் வார்த்தைதானே? பையைக் காலி பண்ணாதே, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடாதே என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். சரி சரி என்று தலையாட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் அவர் சொன்னபடியே செய்தேன். ஒரு சொட்டுக்கூடக் கீழே சிந்தவில்லை. பையைப் பிரித்து, கையை விட்டு, கல்லோடு அதை வெளியே எடுத்தேன். எங்கள் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. முடித்த பீஸை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, நாலு பக்கமும் திருப்பிப் பார்க்காமல் கீழே வைக்க மாட்டோம். இதையும் அப்படியே தூக்கிப் பிடித்தேன். மகளுக்குக் காட்டினேன். பக்கத்து வீட்டு அக்காவையும் கூப்பிட்டுக் காட்டினோம். பிறகுதான் தொட்டிக்குள் வைத்தேன்.

மூன்றாம் நாள் ஒரு விரல் நுனியில் சுண்ணாம்பு வைத்த மாதிரி வெள்ளையாக ஒரு பொட்டு. அடுத்த நாள் எல்லா விரலிலும். பிறகு சாம்பல் நிறமாகி, நாற்றம் வந்து, மீன்களும் சாகாமல் இருக்க அதை எடுத்துப் போட வேண்டியதாயிற்று.

"அதுக்கு வலிச்சிருக்குமாப்பா?" என்று மகள் கேட்டாள்.

"தெரியல பாப்பா" என்றேன். இன்றுவரை தெரியாது.

அன்றிலிருந்து அவள் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள். தொட்டிக்கு முதுகைக் காட்டித்தான் எழுதினாள். "இன்னொண்ணு வாங்கித் தரவா?" என்றால், "வேணாம்ப்பா. அதையும் சாவடிச்சிருவ" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவள் நோட்டைப் பார்த்தபடியே சாதாரணமாகச் சொன்னாள்.

என் மனைவி ஓசூருக்குப் பக்கத்துப் பேரிகை ஊர்க்காரி. அவள் வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், பள்ளிக்கூடத்தில் தமிழ். பூண்டு உரித்துக்கொண்டே ஒரு நாள் கேட்டாள்: "ஏங்க, அந்தக் கடைக்காரரு என்னதாங்க சொன்னாரு? அப்படியே சொல்லுங்க."

"காலி பேடன்னாரு. பையைக் காலி பண்ணாதேன்னு."

அவள் பூண்டைக் கீழே வைத்துவிட்டாள். "ஐயோ, அது காலி இல்லீங்க. காத்து! கன்னடத்துல 'காளி'ன்னா காத்து. எங்க தெலுங்குலயும் 'காலி'ன்னா காத்துதான். காத்துப் படக்கூடாதுன்னு சொல்லியிருக்காரு அவுரு!"

"காளியம்மாவா?" என்று மகள் திரும்பினாள்.

"காளியம்மா இல்லடி, காத்து. உங்கப்பா அதைக் காத்துல தூக்கிப் புடிச்சு ஊருக்கே காட்டினாரு பாரு."

சிரிக்க ஆரம்பித்தவள் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

பிறகு போனில் தேடித் தேடிப் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் அந்தப் பிராணி மேல் எனக்கு மரியாதை வந்தது. அதற்கு வாய் இல்லை. கண் இல்லை. இதயம், வயிறு, மூளை எதுவும் கிடையாது. உடம்பு முழுக்க ஓட்டை. ஊசி நுனி அளவு ஓட்டைகள் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுத்து, அதில் இருக்கிற கண்ணுக்குத் தெரியாத தூசுத் தீனியைச் சலித்துத் தின்றுவிட்டு, பெரிய ஓட்டை வழியாகத் தண்ணீரை வெளியே விடுகிறது. உள்ளே கோடிக்கணக்கில் மயிரிழைகள் ஆடி ஆடித்தான் அத்தனை தண்ணீரும் ஓடுகிறது. மோட்டார் இல்லாத பம்ப்! தினமும் பம்போடு மல்லுக்கட்டுகிறவன் நான். மனிதன் செய்த எந்தப் பம்பும் இதற்குப் பக்கத்தில் வராது என்று சொல்வேன்.

பம்ப் என்றதும் எனக்குப் புரிந்துவிட்டது. போர்வெல் மோட்டார் ஓடும், தண்ணீர் வராது. "ஏர் புடிச்சிருச்சு" என்பார்கள். குழாய்க்குள் காற்று அடைத்துக்கொண்டால் தண்ணீர் ஏறாது. திருகைத் தளர்த்திக் காற்றை வெளியே விட்டால் சரியாகிவிடும். கடற்பஞ்சுக்கும் ஏர் பிடிக்கும். ஆனால் அதற்குத் தளர்த்துவதற்குத் திருகு இல்லை.

அடுத்த தடவை மனைவியையும் கூட்டிக்கொண்டு போனேன். அவள் கன்னடத்தில் கதையைச் சொல்ல, கடைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். "எரடு சல ஹேளிதெ!" என்று என்னிடம் இரண்டு விரலைக் காட்டினார். ரெண்டு தடவை சொன்னேனே என்கிறார். இன்னொரு ஆரஞ்சுக் கையை அவரே பொறுக்கிக் கொடுத்தார்.

வீட்டில், பெரிய வாளியில் தொட்டித் தண்ணீரை நிரப்பி, பையை அதற்குள் முழுக்கி, தண்ணீருக்கு அடியிலேயே பிரித்தோம். ஒரு மணி நேரம் அதைப் பழக விட்டோம். இனி வாளியிலிருந்து தொட்டிக்கு எப்படிக் கொண்டு போவது? மனைவி சமையலறையிலிருந்து அகல வாய் வைத்த எவர்சில்வர் தூக்குப்போசியைக் கொண்டுவந்தாள். "உள்ளயே முக்கி, உள்ளயே மூடுங்க" என்றாள்.

போசியை முக்கினேன். கல்லைத் தடவித் தடவி உள்ளே தள்ளினேன். மூடியை எடுத்தேன்.

"மூடாத!"

மகள். எப்போது வந்து நின்றாள் என்று தெரியவில்லை. கையில் டார்ச். "நீ மூடாதப்பா. நான் பார்க்கறேன்." வாளிக்குள் தலையே விழுந்துவிடும் அளவுக்குக் குனிந்தாள். "அங்க பாரு, மூடிக்கு அடியில ஒரு குமிழி. சாய்ச்சு விடு. இன்னொண்ணு. இன்னும் கொஞ்சம் சாய்… இப்ப மூடு."

எங்கள் கம்பெனி இன்ஸ்பெக்‌ஷன்காரர்கள் அவளிடம் வந்து வேலை கற்றுக்கொள்ளலாம்.

போசியைத் தொட்டிக்குள் இறக்கி, அடியில் வைத்துத் திறந்து, கல்லை வெளியே எடுத்து வைத்தோம். ஒரு நொடிகூடக் காற்று அதைத் தொடவில்லை. ஆனாலும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. மூன்றாம் நாள் காலையில் பல் விளக்காமலே போய்ப் பார்த்தேன். அவள் எனக்கு முன்பே அங்கே உட்கார்ந்திருந்தாள்.

"வெள்ளை இல்லப்பா" என்றாள்.

அதற்குத் தீனி ஒரு பச்சை நிறப் பாசித் தண்ணீர். பிரிட்ஜில் தயிருக்குப் பக்கத்தில் இருக்கும். 'புதினா சட்னி அல்ல' என்று மனைவி ஒரு சீட்டு எழுதி ஒட்டியிருக்கிறாள். அதில் ஒரு சொட்டை மகள் அதன் பக்கத்தில் விட்டாள். பச்சைப் புகை விரல்களைச் சுற்றி மெதுவாகக் கரைந்தது. விரல் நுனி ஓட்டைக்கு மேலே மிதந்த தூசு ஒன்று சட்டென்று மேலே எழும்பியது.

"ஊதுதுப்பா!"

ஊதித்தான் விட்டது. நாங்கள் இருவரும் மூச்சு விடாமல் அதன் மூச்சைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

எல்லோரும் பார்க்கட்டும் என்று அதை நான் விளக்குக்கு நேராக நடுவில் வைத்திருந்தேன். அதற்கு அது பிடிக்கவில்லை. கால் இல்லாத அந்தப் பிராணி, மாதம் ஒரு நகத்தளவாக, கல்லின் மேல் படர்ந்து படர்ந்து, வெளிச்சம் வராத பின்பக்க மூலைக்குப் போய்விட்டது. முன்பக்கம் இப்போது வெறும் கல்தான். பார்க்க வேண்டுமென்றால் செருப்பு ஸ்டாண்டை நகர்த்திவிட்டு, தரையில் உட்கார்ந்து தலையைச் சாய்க்க வேண்டும்.

போன வாரம், மெஷினில் என் பக்கத்தில் நிற்கிறவர் வீட்டுக்கு வந்திருந்தார். தொட்டியைப் பார்த்துவிட்டு, "என்னண்ணே, கல்லு மட்டும் நிக்குது? காலியா?" என்றார்.

மகளின் நாற்காலி இப்போது தொட்டியைப் பார்த்தபடி கிடக்கிறது. அவள் எழுந்து செருப்பு ஸ்டாண்டை நகர்த்தினாள்.

"காலி இல்ல மாமா. கீழ உக்காருங்க. இன்னும் கீழ."