கைப்பிடி இல்லாத டீசல் எஞ்சின்

1. துளைக்குள் போகாத கம்பி

மேசைமேல் இருந்த பித்தளை மாடல் எஞ்சின் முடிந்துவிட்ட மாதிரிதான். பாடி, சக்கரம் மாட்டுகிற போகி, மோட்டார், ஹெட்லைட், பெயிண்ட், நம்பர் எல்லாம் ஆயிற்று. பாக்கி கைப்பிடி மட்டும். டிரைவர் ஏறுகிற படிக்கட்டு ஓரத்தில் நிற்கிற கம்பிகளும், பக்கவாட்டில் நெடுக ஓடுகிற கம்பிகளும். குண்டூசி தடிமன்தான் இருக்கும். ட்வீசரில் ஒரு கம்பியைப் பிடித்துத் துளைக்குக் கொண்டுபோனேன். துளை அங்கேயே இருக்கிறது, கம்பி மட்டும் ஆடுகிறது. மணிக்கட்டை மேசையில் அழுத்தினேன். அப்போதும் ஆடியது. மூச்சை அடக்கிப் பார்த்தேன். கம்பி கீழே விழுந்தது.

நான் நாலாம் கிளாஸோடு நின்றவன். கார்வேட்டிநகரம் பக்கத்திலிருந்து திருப்பதிக்கு வந்து, பஸ் பாடி கட்டுகிற ஷெட்டில் டிங்கர் வேலை பழகியவன். பித்தளைத் தகட்டில் டீசல் எஞ்சின் செய்ய எனக்கு எவனும் சொல்லித்தரவில்லை. ரயில்வே லைன் ஓரம் நின்று பார்த்தே செய்தேன். பெங்களூர், பம்பாயிலிருந்தெல்லாம் ஆள் வந்து வாங்கிப் போயிருக்கிறான். ரேடியேட்டர் ஜன்னலுக்குப் பட்டை பட்டையாக வெட்டிப் பற்றவைக்கிற கை இந்த வட்டாரத்தில் என் கை ஒன்றுதான். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அந்தக் கைதான் ஒரு கம்பியைத் துளையில் விட முடியாமல் ஆடிக்கொண்டிருந்தது.

2. சுஜாதா கேட்டது

இந்த எஞ்சினுக்கு ஆர்டர் கொடுத்தவள் சுஜாதா. சத்தியவேடு பக்கம் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். அவள் அப்பா தசரதன் டீசல் லோகோ பைலட். வயசெல்லாம் எஞ்சினிலேயே போனவர். சர்க்கரை கண்ணுக்கு ஏறி, மெடிக்கலில் அன்ஃபிட் போட்டு, வண்டியிலிருந்து இறக்கி ஆபீஸில் ஒரு நாற்காலி கொடுத்துவிட்டார்கள்.

ரிட்டயர் ஆகிற டிரைவருக்குக் கடைசி டிரிப்பில் எஞ்சினுக்கு மாலை போட்டு, பிளாட்ஃபாரத்தில் மேளம் வைத்து, குடும்பத்தோடு நிற்கவைத்துத்தான் வீட்டுக்கு அனுப்புவார்கள். ஆபீஸ் நாற்காலியிலிருந்து எழுந்து போகிறவருக்கு எந்த எஞ்சினுக்கு மாலை போடுவது?

"எங்க நைனா ஸ்டேஷன் பக்கமே போறதில்ல மாமா. ஹாரன் சத்தம் கேட்டா எந்திரிச்சி உள்ள பூடறாரு. ரிட்டயர் ஆவுற அன்னிக்கி அவரு ஓட்டின எஞ்சின் அவரு மடில இருக்கணும். அதுக்கு நாங்க மாலை போட்டுக்கிறோம்" என்றாள்.

செய்து தருகிறேன் என்றேன். அசல் வண்டி மாதிரியே இருக்கும், உங்கள் அப்பா உள்ளே ஏறி உட்காரலாமா என்று பார்ப்பார் என்றும் சொன்னேன்.

எங்கள் வேலையில் கைப்பிடி எப்போதும் கடைசி. முதலில் போட்டால் பெயிண்ட் அடிக்கும்போதும் நம்பர் எழுதும்போதும் கை பட்டு வளையும், ஒடியும். இந்தத் தொழிலில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வான். நானும் அப்படியே செய்தேன். தகடு வெட்டும்போது விரல் லேசாக நடுங்கியது, வயசு என்று விட்டுவிட்டேன். நம்பர் எழுதும்போது இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டு எழுதினேன். கைப்பிடிக்கு வந்தபோது கை போய்விட்டது. டாக்டர் நரம்பு வியாதி என்றார். மாத்திரை எழுதினார். பழைய கை திரும்ப வராது என்பதையும் சொல்லிவிட்டார்.

தெரிந்த நகை ஆசாரி ஒருவரிடம் எடுத்துப் போனேன். என் வேலையில் இன்னொருவன் கை பட்டது அதுதான் முதல் தடவை. பெயிண்ட் அடித்த பாடியில் நெருப்புக் காட்ட முடியாது. பசையில் ஒட்டினார், பசை வழிந்து பெயிண்ட் உரிந்தது. கம்பியைப் பிடுங்கிவிட்டு, உரிந்த இடத்தை ஒப்பேற்றி எடுத்துவந்தேன். ரிட்டயர் ஆகிற நாள் அதற்குள் வந்துவிட்டது.

சுஜாதாவுக்குப் போன் செய்து கைப்பிடி இல்லை என்று சொன்னேன்.

"வுடுங்க மாமா. அவருக்குக் கம்பியா தெரியப் போவுது? என் மூஞ்சியே மசமசன்னுதான் தெரியுதாம்."

குறை வேலையை நான் கடை வாசல் தாண்ட விட்டதில்லை. அன்றைக்கு அதைப் பெட்டியில் வைத்துக்கொண்டு தசரதன் வீடு இருக்கிற சித்தூருக்குப் பஸ் ஏறினேன்.

3. தசரதன் வீட்டில்

சொந்தக்காரர்கள் கூடியிருந்தார்கள். எஞ்சின் அளவுக்குச் சின்னதாகக் கட்டின சாமந்தி மாலை தட்டில் தயாராக இருந்தது. முழ நீள எஞ்சினை சுஜாதா அப்பா மடியில் வைத்து ஹெட்லைட்டைப் போட்டாள். அவர் தலையைச் சாய்த்து, முகத்துக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவ ஆரம்பித்தார். ரேடியேட்டர், ஃபேன்மேல் மூடின கம்பிவலை, கூரை. ஹாரனைத் தொட்டதும், ரெண்டு ஹாரனும் வெச்சிக்கீறாரு என்று சிரித்தார். அந்த வீட்டில் அந்தச் சிரிப்பைக் கேட்டு வருஷமாயிற்று போல. சுஜாதா அழுதுவிட்டாள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

விரல் கேபின் கதவுக்கு வந்தது. படிக்கட்டு ஓரம் மேலே போயிற்று, கீழே வந்தது. எஞ்சினைத் திருப்பி மறுபக்கம் தேடியது.

"கைப்பிடி எங்கண்ணா?"

தசரதன் என் பக்கம் திரும்பினார்.

"ட்யூட்டிக்குப் போனா மொதல்ல அத்தத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்குவேன். அப்புறந்தான் படில காலு வெக்கிறது" என்றார்.

கிட்டே போய் அவர் கைமேல் என் கையை வைத்தேன். அது அங்கேயும் நிற்காமல் ஆடியது. அவர் அதை இறுக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"ஒங்களையும் அன்ஃபிட் போட்டுட்டாங்களாண்ணா?"

கேட்டுவிட்டு எஞ்சினை மகளிடம் நீட்டினார். பெட்டியில் வைக்கச் சொன்னார். மாலை போட வேண்டாமா நைனா என்று அவள் கேட்டாள்.

"ஏற முடியாத வண்டிக்கு இன்னாத்துக்கும்மா மாலை."

சாப்பாடு போட்டார்கள், சாப்பிட்டோம். மாலை தட்டிலேயே கிடந்தது. பெட்டி பரண்மேல் இருக்கிறது, அவர் ஒரு நாளும் கேட்பதில்லை என்று சுஜாதா பிறகு போனில் சொன்னாள்.

4. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

கைப்பிடியைக் கடைசியில் போடு என்றுதான் உங்களுக்கும் சொல்லித்தருவார்கள். அவர்கள் சொல்லும் காரணம் சரிதான். ஆனாலும் வாங்குகிறவர் கை முதலில் எங்கே போகும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அந்த இடத்தை முதலில் முடித்துவிடுங்கள். வெறும் தகட்டிலேயே பற்றவைத்தால் கெட்டியாகவும் நிற்கும். பெயிண்ட் கொஞ்சம் திட்டுத் திட்டாக வந்தால் வரட்டும்.

இதை நான் நன்றாகக் கற்றுக்கொண்டேன். கடையில் மூன்று பாடி பெயிண்ட் படாமல் கிடக்கிறது. எங்கே துளை போட வேண்டும், எந்தக் கம்பி முதலில் என்று எல்லாம் தெரிகிறது. காலையில் கடையைத் திறந்து அவற்றின் எதிரே உட்காருகிறேன். சாயங்காலம் பூட்டிக்கொண்டு போகிறேன்.