கடல் வராத கடற்கரை

போன செவ்வாய்க்கிழமை காலை, கனடாவில், மிசிசாகாவில் என் வீட்டுக் குசினியில் தேநீர் ஊற்றிக்கொண்டு நின்றபோது தொலைபேசி அடித்தது. நல்லதம்பி அண்ணையின் எண். காலையில் அவர்தான் அழைப்பார், ஏதாவது பகிடியோடு. சிரிக்க ஆயத்தமாகத்தான் நானும் எடுத்தேன். பேசியது அவருடைய மகள்.

“அங்கிள், அப்பா எங்களை விட்டிட்டுப் போட்டார்.”

அழுது ஓய்ந்த பிறகு அவர் ஒன்று கேட்டார். “கடைசிக் கிழமை முழுக்க, கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போ எண்டு சொல்லிக்கொண்டே இருந்தவர். லேக்குக்குக் கொண்டுபோனன். பாத்திட்டு, ‘இது இல்லைப் பிள்ளை’ எண்டவர். எந்த பீச் அங்கிள்? ஊரில உள்ளதோ? சாம்பலை அங்கதான் கொண்டுபோகோணுமோ?”

எனக்குத் தெரியும். ஆனால் தொலைபேசியில் சொல்லக்கூடிய விஷயமா அது? நேரில் வாறன் என்று வைத்துவிட்டேன்.

எண்பதுகளில் நானும் அண்ணையும் அரபுநாட்டில், பாலைவனத்தின் நடுவே ஒரு சின்ன ஊரில் வேலை செய்தோம். ஒரு சீமெந்துத் தொழிற்சாலை, ஒரு பள்ளிவாசல், ஒரு ரொட்டிக்கடை. அவ்வளவுதான் ஊர். நான் போய் இறங்கிய அன்று, கண்ணுக்கெட்டிய தூரம் மணலைப் பார்த்து அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பெட்டியைத் தூக்க வந்த ஒருவர் பக்கத்தில் நின்றார், அவர்தான் நல்லதம்பி அண்ணை.

“தம்பி, இதுதான் எங்கட கடற்கரை. மணல் எல்லாம் வந்திட்டுது. கடல்தான் இன்னும் வரேல்லை. வரும், இரும்.”

வீட்டை விட்டுக் கிளம்பிய பிறகு நான் சிரித்தது அப்போதுதான். அந்த ஊருக்கு அரபியில் நல்லதொரு பெயர் இருந்தது. அங்கிருந்த தமிழர் எங்களில் ஒருவரும் அதைச் சொன்னதில்லை. கடற்கரைதான். அண்ணை சொல்லி ரொட்டிக்கடைக்காரர்கூடத் தன் வாயில் நுழைந்த மாதிரி “கத்கரை” என்பார், சொல்லிவிட்டு வயிறு குலுங்கச் சிரிப்பார். நான் கடற்கரையில் நலம் என்று கடிதம் போட, ‘உனக்கு நீந்தத் தெரியாது, கவனம்’ என்று அம்மா பதில் போட்டார். அதை அண்ணை சாப்பாட்டு மேசையில் நடித்தே காட்டினார். மாலையானால் அவரைச் சுற்றி ஊரே இருக்கும்.

பிறகு இருவருமே கனடா வந்து சேர்ந்தோம். நான் விமான நிலையத்தில் வேலை எடுத்தேன். அவர் கடைசிக் காலத்தில் மகளோடு ஸ்ரௌவ்வில் என்ற தூரத்துப் புறநகருக்குப் போனார். பெரிய வீடு. கார் இல்லாமல் ஒரு பால்பெட்டிகூட வாங்க முடியாத இடம். இருவருக்கும் கண்பார்வை மங்கி, கார் ஓட்டுவதையும் விட்டபின் தொலைபேசி மட்டுமே மிச்சம்.

“என்ன அண்ணை, பகிடி எல்லாம் எப்பிடிப் போகுது?” என்று ஒருமுறை கேட்டேன்.

“நான் சொல்லுறன். மகள் அதை மருமோனுக்கு இங்கிலீசில விளங்கப்படுத்துறா. அவர் நல்ல மனுசன், ‘ஐ ஆம் சொறி, மாமா’ எண்டுறார்.”

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

வியாழக்கிழமை டாக்ஸி பிடித்துப் போய், அந்த வீட்டு வரவேற்பறையில் எல்லாவற்றையும் சொன்னேன். மருமகன் எங்கள் சொந்த ஊருக்கு விமானச்சீட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார், மகள் விளங்கப்படுத்த அதை நிறுத்தினார்.

“அப்ப அங்க கடலே இல்லையோ?” என்றார் மகள்.

“இல்லைப் பிள்ளை. அதுதான் பகிடி.”

ஒருவரும் சிரிக்கவில்லை.

“பிறகேன் அங்க போகோணும் எண்டவர்?”

“அங்கதான் பிள்ளை எல்லாரும் சிரிச்சவை.”

சொல்லியிருக்கக் கூடாது. அவர் முகம் வாடிப் போயிற்று. “நானும் சிரிச்சனான்தானே அங்கிள். விளங்காட்டியும் சிரிச்சனான்.”

“ஓம் பிள்ளை. அது அவருக்கும் தெரியும்.”

பாலைவனத்துக்கு யார் சாம்பலைக் கொண்டுபோவது? இங்கேயே கரைப்போம் என்று முடிவாயிற்று. ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையில் நின்றோம். நல்ல குளிர்காற்று. கரை முழுக்கக் கூழாங்கல், காலடியில் நறநறத்தது. மகள் குனிந்து சாம்பலை விட்டார். அது தண்ணீரோடு போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன், என்னையறியாமல் வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

“அண்ணை, கடல் வந்திட்டுது. மணல்தான் இன்னும் வரேல்லை.”

மகள் திரும்பிப் பார்த்தார், அன்போடு. மருமகன் தலையாட்டினார். சிரிக்க நான் ஒருவன்தான் நின்றேன், எனக்கும் சிரிப்பு வரவில்லை.

போயிட்டு வாங்கோ, அண்ணை.