உள்ளே நின்றுபோன மாலை

ஒரே கணினியில் இரண்டு இயங்குதளங்களைக் குடிவைத்துத் தருவதில் மெக்கானிக் கைதேர்ந்தவர். கடைக்கூட்டாளி அவரை ‘ரெண்டு வீட்டுக்காரர்’ என்றே கூப்பிடுவான். அவர் சிரித்ததில்லை.

வழி இரண்டு என்பார். ஹார்ட் டிஸ்க்கைப் பிரித்து ஆளுக்கொரு பாகம் கொடுக்கலாம்: ஒன்று விழித்திருந்தால் மற்றது செத்ததற்குச் சமம், ஆனால் விழித்திருப்பதற்கு முழு பலமும் கிடைக்கும். இல்லையென்றால், ஒன்றுக்குள் இன்னொன்றை ஓடவிடலாம்: வேகம் குறையும், ஆனால் உள்ளிருப்பதை நினைத்த நொடியில் உறையவைத்து, எப்போது வேண்டுமானாலும் அதே நொடியிலிருந்து எழுப்பலாம். அவர் பிரிக்கவே சொல்வார். உறையவைப்பது அவருக்கு என்னவோ பிடிக்காது.

ஒரு மத்தியானம் ஓர் அம்மாள், பல வருடங்களுக்கு முன் இறந்துபோன கணவரின் கணினியோடு வந்தார். கணவர் பாடங்களைப் படித்து ஒலிப்பதிவு செய்தவர். பதிவு செய்யும் மென்பொருள் பழைய இயங்குதளத்தில்தான் ஓடும் என்பதால் அந்தப் பழையதைப் புதியதற்குள் வைத்திருந்தார். எழுந்து போகும்போதெல்லாம் உறையவைத்துவிட்டுப் போவது அவர் வழக்கம்.

“அவரு போன அன்னைக்கு யாரோ வந்திருக்காங்க தம்பி. பாதிப் பதிவுல எழுந்து போயிருக்காரு. நான் வீடு திரும்பினப்போ படிக்கட்டுக்குக் கீழ கிடந்தாரு. வந்தது யாருன்னு இதுவரைக்கும் தெரியல. இதுல கேக்குமா?”

“பிரிச்சு வச்சிருந்தா அணைச்சதோட போயிருக்கும்மா. இதுல இருக்கலாம். ஆனா டிஸ்க் சாகக் கிடக்கு. ஒரு தடவதான் எழுப்ப முடியும்.”

“சின்ன வீட்டுக் கதவு திறக்குதுடோய்” என்றான் கூட்டாளி.

“நீ கொஞ்சம் வாய மூடு.”

எழுப்பினார். உள்திரையின் கடிகாரம் அந்த மாலையையே காட்டியது. பதிவின் சிவப்புப் புள்ளி, ஒன்றுமே நடக்காததுபோல் மினுக்கத் தொடங்கியது. அம்மாள் குனிந்து, தூங்குகிறவரிடம் பேசுவதுபோல மெல்லச் சொன்னார்: “நான்தான்.”

மெக்கானிக் பதறிப்போய்ப் பதிவை நிறுத்தி, வேறு கணினிக்கு மாற்றினார். மாற்றி முடித்ததும் டிஸ்க் கீச்சிட்டு அடங்கியது.

பதிவை ஓடவிட்டார்கள். ஆண்குரல் ஒரு வாக்கியத்தின் நடுவே நின்றது. நாற்காலி நகரும் சத்தம்.

“யாரு?”

மூச்சுவிடும் இடைவெளிகூட இல்லை.

“நான்தான்.”

கூட்டாளி வெளியே போய்விட்டான்.

“அவரு கேட்டதுக்கும் நீங்க இப்ப பேசினதுக்கும் நடுவுல வருஷக்கணக்கா போயிருக்கும்மா. பதிவுக்கு அது தெரியாது. உங்க குரல மட்டும் வெட்டி எடுத்துடவா?”

“வேணாம். இன்னொரு தடவ போடுங்க.”

போட்டார்.

“அவரு குரலக் கவனிச்சீங்களா? பயமே இல்ல. தெரிஞ்சவங்களக் கேக்கற மாதிரி கேக்கறாரு.” கொஞ்சம் யோசித்தார். “அப்போ அன்னைக்கு வந்தது நானேதானா தம்பி?”

சரியான பதிலை மெக்கானிக் முன்பே சொல்லியாயிற்று. பதிவை இன்னொரு தடவை போட்டார். அம்மாள் காத்திருந்தார்.