பாதி ஜெபத்தில் ஓர் ஆமென்

பிள்ளைகளே, உங்கள் அம்மா கர்த்தரிடம் போய் வருஷம் ஒன்றாகிறது. எனக்கு எழுத்து அதிகம் வராது. அம்மாவைப் பற்றி அப்பாதான் எழுத வேண்டும் என்று நீங்கள் சொன்னதால் எழுதுகிறேன்.

அம்மா பிறந்தது ஸ்ரீவில்லிபுத்தூர், மடவார் வளாகம் பக்கம். தாய் தகப்பன் சீக்கிரம் போய்விட்டதால் தம்பியை, அதாவது உங்கள் மாமாவை, அம்மாதான் வளர்த்தார்கள். என்னைக் கட்டி ராஜபாளையம் வந்தபோது மாமாவும் கூடவே வந்தார். அவரைப் படிக்க வைக்க அம்மா மில்லுக்குப் போனார்கள்.

எண்பதுகளின் கடைசியில் மாமா எலெக்ட்ரீஷியனாக வெளிநாடு போனார். முஸ்லிம்கள் அதிகம் வாழும் நாடு. அங்கே லீவு நாளில் நம் ஆட்கள் சிலர் ஓர் அறையில் கூடி ஜெபித்திருக்கிறார்கள். அது குற்றமாம். மாமாவையும் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டது என்று கூட வேலை பார்த்தவர் ஊருக்கு வந்தபோது சொன்னார். அம்மா அழவில்லை. "சாமி கும்பிட்டதுக்கா ஜெயிலு?" என்று மட்டும் கேட்டார்கள்.

அதன் பிறகு வெள்ளிக்கிழமைதோறும் சாயங்காலம் நம் வீட்டில் ஜெபக்கூட்டம். மாமாவுக்காக மட்டுமல்ல. விசுவாசத்துக்காக அடைபட்ட எல்லாருக்காகவும், எந்த மனிதனும் பயமில்லாமல் தன் சாமியைக் கும்பிடும் உரிமைக்காகவும்.

ஒரு நோன்பு மாதத்தில் சபைப் பெரியவர் ஒருவர் ஜெபம் பண்ணினார். "அந்த ஜனத்தை அடியும் ஆண்டவரே, அவர்கள் வீடுகளை…" என்றபோது, அம்மா சத்தமாக "ஆமென்!" என்றார்கள். பழக்கத்தில் நாங்களும் ஆமென் சொல்லி எழுந்துவிட்டோம்.

"ஏட்டி, நான் இன்னும் முடிக்கலியே!"

"முடிச்சா பக்கத்து வீட்டு பாத்திமாக்கா வீடும் அதுல வந்துரும் பெரியப்பா. அவிய குடுத்த நோம்புக் கஞ்சியத்தான செத்த முன்னால குடிச்சிய? தம்பிக்காக அவியளும்தான் துவா கேக்காவ."

பெரியவர் சிரித்துவிட்டார். "சரி தாயி, எல்லாரும் திரும்பக் கண்ண மூடுங்க."

நோயில் விழுந்த பிறகும் அம்மா படுத்தபடியே ஜெபத்தில் சேர்ந்தார்கள். "வெள்ளிக்கிழமைய விட்ராதிய" என்பதுதான் என்னிடம் கடைசியாகச் சொன்னது.

துக்கத்தில் உடன் நின்ற நம் சபைப் போதகர் ஐயர், சபையார், மில் நண்பர்கள், அடக்கத்தன்று நமக்குச் சோறு பொங்கிக் கொண்டுவந்த பாத்திமா அக்கா, அனைவருக்கும் நன்றி.

மாமாவைப் பற்றி இன்னும் தகவல் இல்லை. கல்லறைத் தோட்டத்தில் ஐயர் ஜெபித்து முடித்ததும் நீங்கள் எல்லாரும் ஆமென் சொன்னீர்கள். எனக்கு வாய் வரவில்லை. இன்றுவரை வரவில்லை. அம்மா ஜெபத்தில் கேட்டது இன்னும் முடியவில்லையே. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடுங்கள்.